பலேர்மோ: வெள்ளி மதியம் முதல் திங்கள் மாலை வரை, அம்மா அப்பாவுடன்

வழிப்போக்கன்:

வணக்கம். அக்டோபர் நடுவில் சிசிலித் தீவின் பலேர்மோவுக்கு மூன்று பேர் போகிறோம். நான், அம்மா (66), அப்பா (70). வெள்ளி மதியம் 12 மணிக்கு விமானம் இறங்கும். திரும்புவது திங்கள் மாலை 5 மணிக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரை என்றால் ஒரு மணி நேரம் நடப்பார், படி நாற்பதைத் தாண்டினால் சிரமம். இருவரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

இப்போது கையில் இருக்கும் திட்டம்: வெள்ளி மதியம் பழைய நகரம். சனி முழுக்க செஃபலூ என்ற கடலோர ஊர். ஞாயிறு காலை நார்மன் அரண்மனை, மதியம் பக்கத்து ஊரான மொன்ரியாலேயின் பேராலயம். திங்கள் பலாஸோ அபதெல்லிஸ் ஓவியக்கூடம், அப்படியே விமான நிலையம்.

இந்த வரிசை சரிப்படுமா? கார் எடுக்கலாமா? எந்தப் பகுதியில் அறை பார்ப்பது? சாப்பாட்டுக்கு என்ன வழி?

மொசைக்_மணி:

இடங்கள் சரி, கிழமைகள்தான் இடிக்கின்றன. வரைபடத்தைப் பார்த்துப் போட்ட திட்டம் மாதிரி இருக்கிறது. பலேர்மோவில் எது எதற்குப் பக்கம் என்பதைவிட, எந்தக் கதவு எப்போது சாத்தும் என்பதுதான் முக்கியம்.

முதலில் ஞாயிறு. நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயம் இன்றும் வழிபாடு நடக்கும் இடம். ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடமாட்டார்கள். மொன்ரியாலே பேராலயமும் ஞாயிறு காலை அப்படியே. அதை ஒட்டிய முற்றம், அந்த 228 இரட்டைத் தூண்கள் உள்ள குளோய்ஸ்டர், ஞாயிறு மதியத்தோடு மூடிவிடும். ஆக உங்கள் ஞாயிறு திட்டத்தில் காலையில் சிற்றாலயம் போகும், மதியத்தில் குளோய்ஸ்டர் போகும். திங்கட்கிழமை அபதெல்லிஸ் விடுமுறை. அதுவும் போயிற்று.

நார்மன் அரண்மனைக்கு இன்னொரு கிழமைக் கணக்கும் உண்டு. அது சிசிலி மாநிலச் சட்டமன்றம் கூடும் கட்டடம். அதனால் அரச அறைகளை வெள்ளி முதல் திங்கள் வரைதான் திறப்பார்கள். செவ்வாய், புதன், வியாழன் சிற்றாலயம் மட்டும். நீங்கள் போகும் நாட்கள் இதற்குப் பொருத்தம். அரசு விழா ஏதும் இருந்தால் முன்னறிவிப்போடு மூடுவார்கள், ஆகவே முந்தின இரவு இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள். இதே காரணத்துக்காகத்தான் அரண்மனையைக் கடைசி நாளுக்குத் தள்ளக் கூடாது என்கிறேன். சனிக்கிழமை மூடியிருந்தால் திங்கள் கையில் இருக்கும். திங்கள் மூடியிருந்தால் எதுவும் இல்லை.

நான் போடும் வரிசை:

வெள்ளி: அறைக்குப் போய்ச் சேர மதியம் இரண்டரை ஆகும். நாலு மணிக்கு மேல் குவாத்ரோ காந்தி நாற்சந்தி, பிரெத்தோரியா நீரூற்று, பேராலயம். எல்லாம் ஒரே நேர்கோட்டில், சமதரையில். அபதெல்லிஸ் வெள்ளி திறந்திருக்கும் என்றாலும் அம்மாவை அன்றே அவ்வளவு நடக்க வைக்காதீர்கள்.

சனி: காலை 8.30க்கு அரண்மனை. அங்கிருந்து பத்து நிமிட நடையில் பல்லரோ சந்தை, மதிய உணவு. இரண்டு மணிவாக்கில் அரண்மனைக்குப் பின்னாலுள்ள இந்திபெந்தென்ஸா சதுக்கத்துக்கே திரும்பி வந்து 389 பஸ். அதுதான் மொன்ரியாலே போகிறது. பேராலயம் மதியம் 12.30 போல மூடி இரண்டு மணிக்கு மேல் மறுபடி திறக்கும் என்பதால் நேரம் சரியாகப் பொருந்தும்.

ஞாயிறு: செஃபலூ. திங்கள்: மாஸிமோ ஓபரா அரங்கு, கபோ சந்தை, பிறகு விமான நிலையம்.

சனிக்கிழமை மொன்ரியாலேயில் ஒரு தொல்லை உண்டு. கல்யாணம். அங்குள்ள மொசைக் (சுவரில் சிறு வண்ணச் சில்லுகள் பதித்த ஓவியம்) பின்னணியில் திருமணம் செய்ய ஊரே வரிசையில் நிற்கும். கல்யாணம் நடக்கும்போது நடுக்கூடத்துக்குள் விடமாட்டார்கள், அல்லது ஓரமாக நிற்கச் சொல்வார்கள். அப்படி ஆனால் முதலில் குளோய்ஸ்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டுக்கும் நிர்வாகம் வேறு, டிக்கெட்டும் வேறு. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதன் வாசலில் நீட்டித் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு.

சக்கரம்:

கார்: வேண்டாம். பழைய நகரம் முழுக்க இசட்.டி.எல். எனப்படும் கட்டுப்பாட்டு வலயம். நுழைவில் கேமரா எண் பலகையைப் படிக்கும். அனுமதி இல்லாவிட்டால் அபராதம், அதோடு வாடகைக் கார் நிறுவனம் உங்கள் முகவரியைக் கொடுத்ததற்கு வாங்கும் தனிக் கட்டணம். இரண்டும் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. இந்த நாலு நாளில் கார் இருந்தால்தான் முடியும் என்று ஒரு இடமும் இல்லை.

விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே 35 கி.மீ. ரயில், பஸ் இரண்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கட்டணம் ஆளுக்கு ஆறேழு யூரோ. எதில் ஏறுவது என்பது உங்கள் அறையைப் பொறுத்தது. பொலித்தேயாமா அரங்கின் பக்கம் என்றால் பஸ் வாசலிலேயே இறக்கும். அரண்மனை பக்கம் என்றால் ரயிலில் பலாஸோ ரெயாலே ஓர்லெயான்ஸ் நிலையத்தில் இறங்குங்கள், கடைசிவரை போக வேண்டாம்.

பஸ்ஸில் நகரத்துக்குள் வரும்போது இடப்பக்கம் உட்காருங்கள், கடல் தெரியும். வழியில் கபாச்சி ஊரருகே நெடுஞ்சாலை ஓரத்தில் நினைவுத்தூண் நிற்கும். 1992 மே 23 அன்று நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனேயை மாஃபியா குண்டு வைத்துக் கொன்ற இடம். விமான நிலையத்துக்கு அவர் பெயரையும், அதே ஆண்டு மாஃபியா கொன்ற இன்னொரு நீதிபதி பொர்செல்லீனோவின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

நகர பஸ் டிக்கெட்டைத் 'தபாக்கி' கடையில் வாங்குங்கள். வாசலில் பெரிய 'டி' எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடை. ஏறியதும் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். ஞாயிறன்று பாதித் தபாக்கி மூடியிருக்கும், ஆகவே சனிக்கிழமையே சேர்த்து வாங்கி வையுங்கள்.

389 பற்றி ஒரு எச்சரிக்கை. நிறுத்தத்தில் எழுதியிருக்கும் நேரத்துக்கு வரும் என்று நம்ப வேண்டாம். வந்தாலும் கூட்டமாக வரும். மொன்ரியாலே வெறும் 8 கி.மீ.தான், மூன்று பேருக்கு டாக்ஸி பெரிய செலவில்லை. போகும்போது டாக்ஸி, வரும்போது பஸ் என்று வைத்துக்கொண்டால் நேரமும் தப்பும், இறக்கமும் வசதி. மொன்ரியாலேயில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து பேராலயம் வரை சின்ன ஏற்றம் ஒன்று உண்டு, அம்மாவின் முழங்காலுக்கு அது சிரமமாகத் தெரியும். டாக்ஸியில் ஏறும் முன் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

யாழ்_காற்று:

மேல சொன்ன ரெண்டும் சரி. சாப்பாட்டையும் அறையையும் நான் சொல்லுறன்.

அறை எடுக்கேக்க முதல் கேள்வி லிஃப்ட் இருக்கோ எண்டதுதான். இஞ்ச பழைய மாளிகைகளைப் பிரிச்சுத்தான் கனக்க விடுதிகள் நடத்தீனம். 'இரண்டாம் மாடி' எண்டு போட்டிருக்கும். ஆனால் கீழ்த்தளம் கணக்கில இல்லை, இடையில ஒரு அரைமாடியும் இருக்கும், ஒவ்வொரு தளத்துக்கும் கூரை உயரம். ஏறிப்பார்த்தால் எண்பது படி. 'அஷென்சோரே' எண்ட சொல்லு விளம்பரத்தில இருக்கோ பாருங்கோ, இல்லாட்டி எழுதிக் கேளுங்கோ. மாஸிமோ அரங்குக்கும் பொலித்தேயாமாவுக்கும் நடுவில எடுத்தால் தெரு சமம், பஸ்ஸும் கிட்ட. வுச்சிரியா எண்ட பழைய சந்தைப் பகுதிக்குள்ள எடுக்காதேங்கோ; அது இப்ப சந்தையை விட இரவுக் கூத்துக்குத்தான் பேர் போனது, விடியும் மட்டும் சத்தம். அறை வாடகையோட நகர வரியும் தனிய கேட்பினம், சில்லறைக் காசு வச்சிருங்கோ.

சைவச் சாப்பாடு. நல்ல செய்தி பனெல்லே. கடலைமாவைத் தண்ணியில கரைச்சு, கிண்டி இறுக்கி, தட்டையா வெட்டி எண்ணெயில பொரிச்செடுக்கிறது. எள்ளுப் போட்ட பாணுக்குள்ள வச்சுத் தருவினம். முட்டை இல்லை. எலுமிச்சம்புளி பிழிஞ்சு சாப்பிட்டால் அம்மாவுக்கு பஜ்ஜி ஞாபகம் வரும். அதோட 'குரொக்கே', உருளைக்கிழங்கு உருண்டை. இதில சிலர் முட்டையும் பாற்கட்டியும் சேர்ப்பினம், கேட்டுத்தான் வாங்கவேணும். கத்தரிக்காய், செலரி, ஒலிவ் போட்டு இனிப்புப் புளிப்பா வைக்கிற கபொனாத்தாவும் சைவம்தான்.

பிழைக்கிற இடங்கள்: அரஞ்சீனா. சோத்து உருண்டைதானே எண்டு வாங்கிப் போடாதேங்கோ. 'அல் புர்ரோ' எண்டால் வெண்ணெய் எண்டு அர்த்தம், ஆனால் உள்ளுக்குப் பன்றித் தொடை இறைச்சி இருக்கும். ஸ்ஃபின்ச்சோனே பார்க்கத் தக்காளி வெங்காய ரொட்டி மாதிரி, அதில நெத்தலி கரைஞ்சு கிடக்கும். கன்னோலி ஓட்டைப் பன்றிக் கொழுப்பு சேர்த்துப் பிசையிறது பழைய முறை. 'பானே கா மேவ்சா' மாட்டு மண்ணீரல். பொரிக்கிற தாச்சியும் சில கடையில ஒண்டுதான், உங்கட வீட்டில அது பிரச்சினை எண்டால் பனெல்லே மட்டும் போடுற கடையாப் பாருங்கோ.

'சென்ஸா கார்னே' (இறைச்சி இல்லாமல்) எண்டு மட்டும் சொன்னால் காணாது. 'சென்ஸா ப்ரொஷுத்தோ, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா' எண்டு தொடை இறைச்சி, மீன், முட்டை மூண்டையும் தனித்தனியச் சொல்லுங்கோ. தொடை இறைச்சியை இறைச்சிக் கணக்கில சேர்க்காத சனம் கனக்க.

பல்லரோவைச் சுத்தியுள்ள ஒழுங்கைகளில தமிழ், வங்காளக் கடைகள் இருக்கு. அறையில அடுப்பு இருந்தால் அரிசியும் பருப்பும் வாங்கலாம்.

இன்னொண்டு. எண்பதுகளில இருந்து இஞ்ச ஈழத்தமிழ்ச் சனம் இருக்கு. அதில சைவ சமயக்காரரும் வேதக்காரரும் (கிறித்தவரும்) ஒண்டாய்ப் போற இடம் பெல்லக்ரீனோ மலையில இருக்கிற சாந்தா ரொசாலியா குகைக்கோயில். 1624இல கொள்ளைநோய் வந்தபோது அந்தக் குகையில கிடைச்ச ரொசாலியாவின்ர எலும்புகளை ஊர்வலமாக் கொண்டுபோக நோய் நிண்டது எண்டு இந்த ஊரின்ர நம்பிக்கை. அதுக்குப் பிறகு அவதான் நகரத்தின்ர காவல் புனிதை. குகைக் கூரையில இருந்து ஒழுகுற தண்ணியைத் தகரப் பீலி வச்சுப் பிடிச்சிருக்கிறதைப் பார்க்கலாம். பொலித்தேயாமாவில இருந்து 812 பஸ் மேல போகும். இறங்கினாப் பிறகு அகலமான படிக்கட்டு ஒண்டு ஏறவேணும், மெல்ல ஏறலாம். கால்நடையா ஏறுற பழைய பாதையும் இருக்கு, நாலு கிலோமீற்றர் கல்லுப்பாதை, அம்மாவுக்கு வேண்டாம். ஞாயிறு காலமை போனால் பட்டுச்சீலையோட எங்கட சனத்தைக் காண்பீங்கள்.

வழிப்போக்கன்:

மூவருக்கும் நன்றி. வரிசையை மாற்றிவிட்டேன். இன்னும் சில கேள்விகள். அரண்மனையில் படி எவ்வளவு? செஃபலூ ஞாயிற்றுக்கிழமை போனால் அங்கும் பேராலயம் மூடியிருக்காதா? சந்தை, பஸ் என்று வயதானவர்களோடு போவதில் பாதுகாப்பு எப்படி?

மொசைக்_மணி:

அரண்மனை: சிற்றாலயம் முதல் தளத்தில். அகலமான அரச படிக்கட்டு ஏற வேண்டும், படி தாழ்வுதான் ஆனாலும் எண்ணிக்கை உங்கள் நாற்பதை ஒட்டி வரும். டிக்கெட் வாங்கும் இடத்திலேயே லிஃப்ட் கேளுங்கள். சட்டமன்றக் கட்டடம் என்பதால் நுழைவில் விமான நிலையம் போலவே சோதனை உண்டு. பெரிய பை கொண்டுபோகாதீர்கள்.

8.30 என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிற்றாலயம் சின்ன இடம். ஒன்பதரைக்கு மேல் உல்லாசக் கப்பல் குழுக்கள் கொடி பிடித்துக்கொண்டு வந்துவிடும், பிறகு சுவரைப் பார்ப்பதா முதுகுகளைப் பார்ப்பதா என்று ஆகிவிடும். உள்ளே போனதும் எல்லோரும் பொன் மொசைக்கைப் பார்ப்பார்கள். நீங்கள் கூரையையும் பாருங்கள். சிசிலியை ஆண்ட நார்மன் அரசர் இரண்டாம் ரோஜர் 1132இல் கட்டத் தொடங்கி 1140இல் அர்ப்பணித்த தேவாலயம். சுவர் பைசாந்திய முறை, கூரை இஸ்லாமியக் கலைஞர்கள் மரத்தில் செதுக்கிய முகர்னாஸ் அடுக்கு, தேன்கூட்டைக் கவிழ்த்தது போல. அதில் தீட்டியிருப்பது குடிப்பவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள். கிறித்தவ அரசனின் பூசையிடத்துக்கு மேலே! சின்னத் தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள், வெறுங்கண்ணுக்கு எட்டாது. வெளியே சுவரில் லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் வெட்டிய 1142ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ரோஜர் செய்வித்த நீர்க்கடிகாரம் பற்றியது. அதைத் தேடிப் பாருங்கள், பலர் கடந்து போய்விடுவார்கள். 2015இல் யுனெஸ்கோ பலேர்மோ, செஃபலூ, மொன்ரியாலே மூன்றின் கட்டடங்களையும் ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது ஏன் என்பது அந்த ஒரு கட்டடத்திலேயே விளங்கிவிடும்.

மார்தொரானா தேவாலயமும் பார்க்க வேண்டியதுதான் (1143), பக்கத்திலேயே செந்நிறக் குமிழ்க் கூரை மூன்று உள்ள சான் கதால்தோ. மார்தொரானாவுக்குக் காலை நேரத்தை மட்டும் நம்புங்கள். திங்கள் காலை முதலில் அதை வைத்துக்கொண்டு பிறகு மாஸிமோ போகலாம்.

பேராலயத்தில் உள்ளே நுழையக் காசில்லை. மொட்டைமாடிக்குத் தனி டிக்கெட். குறுகிய சுழற்படி நூற்றுக்கு மேல். அப்பா மட்டும் ஏறட்டும், அம்மாவுக்கு முன்னால் இருக்கும் தோட்டத்தில் பெஞ்சு உண்டு.

சக்கரம்:

செஃபலூ: ரயில் ஒரு மணி நேரத்துக்குள். ஞாயிறன்று வண்டி குறைவு, ஆகவே திரும்பும் வண்டியை முதலில் பார்த்துவிட்டுப் போகும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். காகித டிக்கெட் என்றால் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை. கைப்பேசியில் வாங்கினால் ஏறும் முன் 'செக்-இன்' அழுத்த வேண்டும், வாங்கியது மட்டும் போதாது.

அங்கும் காலைப் பூசை உண்டுதான், ஆனால் செஃபலூவில் காத்திருப்பது கஷ்டமில்லை. நிலையத்திலிருந்து பேராலயம் பத்துப் பதினைந்து நிமிடம், கடல் அதற்கும் பக்கம். பூசை முடியும் வரை கடற்கரையில் இருந்துவிட்டு, முடிந்ததும் மதியம் மூடுவதற்குள் உள்ளே போய் அந்தக் கிறிஸ்து மொசைக்கைப் பாருங்கள். 1148இல் முடிந்தது. இடைவெளி தவறினால் மூன்றரை மணி வரை காத்திருக்க நேரும். ஊருக்கு மேலே நிற்கும் லா ரொக்கா பாறை 270 மீட்டர், செங்குத்து. அம்மாவை விட்டுவிட்டு ஏறுவதானால் போக வர இரண்டு மணி நேரம் வையுங்கள். மழை பெய்தால் பாதையை மூடுவார்கள்.

அம்மாவுக்கு இதுவும் அதிகம் என்று தோன்றினால் செஃபலூவை விட்டுவிட்டு 806 பஸ்ஸில் மொந்தெல்லோ கடற்கரை. கிட்டத்தட்ட முழுக்கச் சமதரை, பெஞ்சு, ஐஸ்கிரீம். அக்டோபரில் கடல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

பாதுகாப்பு: மாஃபியாவுக்கும் சுற்றுலாக்காரருக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பறிப்பது கடைக்காரர்களிடம். 2004இல் தொடங்கிய 'அத்தியோபிஸ்ஸோ' இயக்கத்தின் ஒட்டுச்சீட்டு கதவில் இருந்தால் அந்தக் கடை மாமூல் கட்டுவதில்லை என்று பொருள். நீங்கள் கவனிக்க வேண்டியது 101 பஸ்ஸில் பிக்பாக்கெட், பல்லரோ நெரிசலில் தோள்பை, பிறகு சாலை. வரிக்குதிரைக் கோட்டில் நின்றுகொண்டே இருந்தால் ஒரு வண்டியும் நிற்காது. ஓட்டுநர் கண்ணைப் பார்த்து நிதானமாகக் கால் வைத்தால் நிற்பார்கள். பாதி வழியில் பயந்து ஓடுவதும் பின்வாங்குவதும்தான் ஆபத்து, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

யாழ்_காற்று:

செருப்பு! பழைய தெருக்களில போட்டிருக்கிற கல்லு நூற்றாண்டுக் கணக்கில தேய்ஞ்சு கண்ணாடி மாதிரி. சந்தையில மீன்காரர் தண்ணி ஊத்தினால் இன்னும் மோசம். ஒக்டோபரில திடீர் மழையும் வரும். ரப்பர் அடி போட்ட மூடின சப்பாத்து அம்மாவுக்குக் கட்டாயம், தோல் செருப்போட வரவேண்டாம். தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடி இருக்கவேணும். சீலை, சுடிதார் ரெண்டும் சரி.

சாப்பாட்டு நேரமும் பிழைக்கும். மத்தியானச் சமையல் இரண்டரையோட முடியும், இரவு ஏழரைக்கு முதல் அடுப்பு மூட்டாயினம். ஆறு மணிக்கு வயதுபோன ஆக்களுக்குப் பசிக்கும். அந்த நேரத்துக்குப் பாண் கடையில ஏதும் வாங்கிக் கையில வச்சிருங்கோ. பாதாம் மாவில பழம் மாதிரிச் செய்யிற மார்தொரானாவும் நல்லது, அந்தத் தேவாலயத்துக் கன்னிமடத்துப் பேர்தான் அதுக்கு. சிலர் பதத்துக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பினம், அதால கேட்டுத்தான் வாங்குங்கோ. உணவகத்தில இருந்து சாப்பிட்டால் ஆளுக்கு இரண்டு மூண்டு யூறோ 'கோபெர்த்தோ' எண்டு பில்லில வரும். அது ஏமாத்து இல்லை, இருக்கைக் காசு.

வழிப்போக்கன்:

ஞாயிறு காலை ரொசாலியா மலை, மதியம் மொந்தெல்லோ என்று முடிவு செய்திருக்கிறோம். அம்மாவின் கால் காரணமாக செஃபலூ இந்த முறை இல்லை. திங்கள் மதியம் விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் போதும்?

சக்கரம்:

812க்கு ஞாயிறு இடைவெளி அதிகம், மேலே இறங்கியதும் திரும்பும் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து நேராக மொந்தெல்லோ போக டாக்ஸி கிடைக்காது. நகரத்துக்கு இறங்கி வந்து 806 பிடியுங்கள்.

திங்கள் இரண்டு மணி பஸ். விமான நிலைய பஸ் மத்திய நிலையத்தில் கிளம்பி அங்கேயே பாதி நிரம்பித்தான் பொலித்தேயாமா வரும். மூன்று இருக்கை சேர்ந்து வேண்டுமென்றால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கி, பத்து நிமிடம் முன்னால் நில்லுங்கள். நிறுத்தம் சாலையின் எந்தப் பக்கம் என்பதை வெள்ளிக்கிழமை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வந்து இறங்கும் இடமும் ஏறும் இடமும் ஒன்றல்ல.